ஓர் ஓலை பாழானால் என்ன? குமரி மாவட்டக் குழந்தைகளின் கோடை விடுமுறை

ஏப்ரல் கடைசியில் ஆண்டுத் தேர்வு முடிந்தால் ஜூன் முதல் வாரம் வரை தமிழ்நாட்டுக் குழந்தைகள் வீட்டில்தான். வெயில் தணியாத ஆண்டுகளில் இது இன்னும் நீளும். 2024இல் ஜூன் 10ஆம் தேதிதான் பள்ளிகள் திறந்தன. இந்த நாட்களில் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இன்று இரண்டு விடைகள் வழக்கில் இருக்கின்றன. பணம் கட்ட முடிந்தவர்கள் ஓவியம், கீபோர்டு, அபாகஸ், கராத்தே என்று ஏதாவது ஒரு வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். முடியாத வீடுகளில் பிள்ளையின் கைக்குக் கைபேசி வந்துவிடுகிறது. வகுப்பு முடிந்து வந்த பிள்ளையின் கைக்கும் அதுவேதான் வருகிறது. பிள்ளைக்கு வேண்டிய அனுபவம் வீட்டுக்கு வெளியே எங்கோ விலைக்குக் கிடைக்கிறது, வீடு என்பது வெறும் காத்திருப்பு அறை என்ற எண்ணம் இரண்டிலும் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். குழந்தையின் படைப்பூக்கம் வளர மூன்று வேண்டும்: கைக்கு எட்டும் உண்மையான பொருள், அவசரமில்லாத நேரம், அருகில் இருந்தும் அதிகம் சொல்லித்தராத, மதிப்பெண் போடாத ஒரு பெரியவர். கோடையில் இம்மூன்றையும் சேர்த்துத் தரக்கூடிய இடம் சாதாரணக் குடும்பம்தான். அதிலும் குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இது மிக எளிது.

படைப்பூக்கம் என்றதும் படம் வரையும் திறமையும் பாடும் குரலும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அது குறுகிய பார்வை. இருப்பதை வைத்து இல்லாத ஒன்றை உண்டாக்குவதும், ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி தேடுவதும், ஒன்றை வேறொன்றாகப் பார்ப்பதும் எல்லாம் அதில் சேரும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930இல் குழந்தைகளின் கற்பனையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கற்பனை வெறும் வெளியிலிருந்து எதையும் கொண்டுவருவதில்லை, பார்த்ததையும் தொட்டதையும் கேட்டதையும் பிரித்துப் புதிதாகச் சேர்க்கிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் அனுபவம் எவ்வளவு வளமோ கற்பனைக்குக் கிடைக்கும் சரக்கும் அவ்வளவு வளம். குழந்தைக்குக் கற்பனை பிறப்பிலேயே பொங்கிக்கொண்டிருக்கிறது, நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். கெடுக்காமல் இருக்கவும் வேண்டும், சரக்கும் கொடுக்க வேண்டும். குமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் சுமார் 92 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது. இரண்டு நூற்றாண்டுப் பள்ளிக்கூட வரலாற்றின் பலன் அது, பெருமைக்குரியதுதான். ஆனால் படிப்பு என்றால் பாடப்புத்தகம் என்றும், அதற்கு வெளியே பிள்ளை கழிக்கும் நேரமெல்லாம் வீண் என்றும் ஒரு மனநிலை அந்தப் பெருமையோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. தேர்வுக்கு வராத அனுபவத்துக்கு வீட்டில் மதிப்பில்லாமல் போனது இப்படித்தான்.

இந்த மாவட்டத்தில் ஏப்ரலும் மே மாதமும் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் அந்தச் சரக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரியும். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் நின்று, அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு மறுபடியும் திறந்துவிடும் வரையிலான இடைவெளியில்தான் பள்ளி விடுமுறையின் பெரும்பகுதி விழுகிறது. பனையில் நுங்கு முற்றும் காலம் இது. அக்கானி என்னும் பதநீரை இறக்கிக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் காலமும் இதுதான். பலாச்சக்கையும் மாங்காயும் காய்த்துத் தள்ளுகின்றன. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து விளைகளில் அயனிச்சக்கையும் கொல்லாம்பழமும் விழுகின்றன. கடற்கரையில் இன்னொரு கணக்கு. கிழக்குக் கடற்கரைக்குரிய மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருப்பதால் சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகள் அந்த 61 நாளும் கரையில் நிற்கின்றன. வலையைச் சீராக்குவதும் படகுக்கு வண்ணம் பூசுவதும் அப்போதுதான் நடக்கும். மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துத் தடை ஜூனில் தொடங்குகிறது. அம்மன் கோயில் கொடை விழாக்கள் பலவும் இந்த மாதங்களில் வருகின்றன. இத்தனையும் நடக்கும் ஊரில் ஒரு பத்து வயதுப் பிள்ளை, இவற்றில் எதையும் தொடாமல், வண்ணம் தீட்டுவதற்கென்று அச்சடித்த புத்தகத்தின் கோடுகளுக்குள் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பது ஒரு பெரிய இழப்பு.

நுங்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். தின்று முடித்த இரண்டு நுங்குக் கூந்தல்களை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளி ஓட்டும் வண்டி அது. செலவில்லை. செய்து பார்த்தால்தான் அதில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்பது புரியும். இரண்டு கூந்தலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்து திரும்பும். குச்சி நட்டநடுவில் செருகப்படாவிட்டால் சக்கரம் ஏறி இறங்கி ஓடும். குச்சி பச்சையாக இருந்தால் வளையும், காய்ந்திருந்தால் ஒடியும். கவையின் வாய் அகலமானால் அச்சு நழுவும், குறுகினால் சிக்கும். இதில் எதையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, வண்டியே சொல்லிவிடும். ஓலைக் காற்றாடியும் அப்படித்தான். இறக்கையைத் தட்டையாக விட்டால் காற்றில் அது சும்மா நிற்கும், கொஞ்சம் முறுக்கினால் சுற்றும், முறுக்கு மாறினால் சுற்றும் திசையும் மாறும். ஓலைப் பாம்பு, ஓலைப் பந்து, ஓலைக் கடிகாரம், பூவரசிலைப் பீப்பி, கொதும்பில் செய்யும் வள்ளம், சிரட்டையில் கட்டும் தராசு என்று இந்த வரிசை நீளும். இவற்றைப் பழைய கால நினைவுப் பொருள்களாக வைத்துப் பெருமூச்சு விடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தானே செய்த ஒன்று தன் கண்முன்னே ஓடாமல் நிற்பதும், ஏன் என்று யோசித்து மாற்றி ஓடவைப்பதும் எந்தக் காலத்துக் குழந்தைக்கும் வேண்டிய பயிற்சி. கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் பழைய தாளும் வைத்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுவதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய பணி முழுவதற்கும் அடிப்படை, குழந்தை ஒன்றைப் பிரித்தும் உடைத்தும் பார்க்கும்போதுதான் கற்கிறது என்ற நம்பிக்கை. விலையுயர்ந்த பொம்மையை உடைக்க வீட்டில் விடமாட்டார்கள். ஓலையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எளிய பொருளின் மேன்மை அங்கேதான் இருக்கிறது: அதைப் பாழாக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு.

பெரியவர் அதிகம் சொல்லித்தரக் கூடாது என்று மேலே சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். எலிசபெத் பொனாவிட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பல இரகசிய வேலைகள் மறைந்திருக்கும் ஒரு பொம்மையைச் சிறு குழந்தைகளிடம் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு, இது இப்படித்தான் வேலை செய்யும் என்று ஆசிரியரைப் போல ஒரே ஒரு வேலையைக் காட்டினார்கள். வேறு குழந்தைகள் முன்னால், தற்செயலாகக் கைபட்டு அது நடந்ததுபோல் காட்டினார்கள். பாடமாகக் காட்டப்பட்ட குழந்தைகள் அந்த ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு விரைவில் நிறுத்திவிட்டார்கள். தற்செயலாகப் பார்த்தவர்கள் நெடுநேரம் துழாவி, மறைந்திருந்த மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். தெரிந்தவர் முழுவதையும் சொல்லிவிட்டார், இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை என்று குழந்தை முடிவுகட்டிவிடுகிறது. இதன் மறுபக்கத்தை பார்பரா ரோகாஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் குவாதமாலாவின் மாயா இன மக்களிடையே கண்டார்கள். அருகில் இன்னொரு குழந்தைக்கு ஒரு பொம்மையைச் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது, தம் முறைக்காகச் சும்மா உட்கார்ந்திருந்த மாயாக் குழந்தைகள் கூர்ந்து கவனித்தார்கள். பிறகு அதைச் செய்வதிலும் தேர்ந்திருந்தார்கள். நடுத்தர வர்க்க அமெரிக்கக் குழந்தைகளிடம் அந்தக் கவனிப்பு குறைவாக இருந்தது. வேலை நடக்கும் இடத்தில் பெரியவர்களோடு இருந்து பழகிய பிள்ளைகளுக்குப் பார்த்துக் கற்கும் கண் திறந்திருக்கிறது. பாட்டி கருப்பட்டி உடைக்கும்போதும் பாட்டா ஓலைக் கடவம் முடையும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு கல்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பரிசைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் கூர்மையானவை. கோடையில் நடக்கும் ஓவியப் போட்டிகளுக்கும் கேடயங்களுக்கும் மயங்கியிருக்கும் நாம் இவற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மார்க் லெப்பரும் டேவிட் கிரீனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு பிரிவினரிடம் முன்னரே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் தாமாக விரும்பி வரையும் நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு இந்தக் குறை நேரவில்லை. தெரசா அமாபிலே 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு முதல் பதினோரு வயதுச் சிறுமிகள் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்தார்கள். நன்றாகச் செய்பவர்களுக்குப் பரிசு என்று போட்டி வைக்கப்பட்ட சிறுமிகளின் படங்களை ஓவியர்கள் பார்த்து, போட்டியில்லாமல் செய்யப்பட்டவற்றைவிடக் குறைந்த புதுமையுள்ளவை என்று மதிப்பிட்டார்கள். இவை சிறு குழுக்களிடம், அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள். நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் பரிசுக்காக வரையும் பிள்ளை, நடுவருக்குப் பிடிக்கும் என்று தனக்குத் தெரிந்த சூரியனையும் இரண்டு மலையையும் தென்னை மரத்தையும்தான் வரையும் என்பதை நம் போட்டிகளின் சுவர்க் காட்சியைப் பார்த்தாலே உணரலாம். பிள்ளை செய்த ஒவ்வொன்றையும் உடனே படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடும் புதிய வழக்கமும் இந்த வகையில் சேரும். பாராட்டுதான், அன்போடு செய்வதுதான். ஆனாலும் அடுத்த முறை பிள்ளை எதைச் செய்தால் படத்தில் அழகாக வரும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறது.

சமையலறையை இந்தப் பேச்சில் யாரும் முதலில் வைப்பதில்லை. முதலில் வைக்க வேண்டிய இடம் அது. ஒரு சக்கையை முற்றத்தில் வெட்டும் நாளை நினைத்துப் பாருங்கள். கையில் தேங்காயெண்ணெய் தடவாவிட்டால் பிசின் விடாது என்பது முதல் பாடம். சுளையில் வற்றல், குரு என்னும் கொட்டையில் அவியல், காயில் எரிசேரி என்று ஒரே பழம் பல பண்டமாகப் பிரிகிறது. மடலும் நாரும் மாட்டுக்குப் போகின்றன. குருவின் மேல்தோலை உரிக்க ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். சக்கைப்பழத்தையும் அரிசிமாவையும் கருப்பட்டியையும் சேர்த்துப் பிசைந்து, திரளி இலையிலோ பனங்குருத்திலோ பொதிந்து அவிக்கும் கொழுக்கட்டையில் மாவு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு என்பதைப் பிள்ளையின் கைக்கே விட்டுவிடலாம். ஒரு முறை பசையாகும், ஒரு முறை கல்லாகும். மூன்றாம் முறை தனக்கென்று ஓர் அளவு பிடிபடும். ஆனால் இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். விடுமுறையில் பெண் குழந்தைகள் அடுக்களைக்கு அழைக்கப்படுவது கற்பனை வளரட்டும் என்பதற்காக நடப்பதில்லை, வேலைக்கு ஒரு கை கூடட்டும் என்பதற்காகவே நடக்கிறது. அதே நேரத்தில் அண்ணன் குளத்தங்கரையிலும் மைதானத்திலும் இருப்பான். தங்கைக்குச் சுதந்திரமில்லாத வேலை, அண்ணனுக்கு வேலையில்லாத சுதந்திரம் என்ற இந்தப் பங்கீட்டில் இருவருமே இழக்கிறார்கள். சக்கை வெட்டும் நாளில் அண்ணன் உள்ளே வரட்டும். நுங்கு வண்டி ஓட்ட தங்கை வெளியே போகட்டும். அந்த மாற்றம் வராமல் குடும்பச் செயல்பாடு என்று சொல்வது வீட்டின் பழைய அநீதிக்குப் புதுப்பெயர் வைப்பதாகிவிடும்.

கதைக்கு வருவோம். இந்த மண்ணின் இரண்டு நிகழ்த்துகலைகள் குழந்தைகள் வீட்டிலேயே ஆடிப் பார்க்கத்தக்கவை. வில்லுப்பாட்டு ஒன்று. கொடை விழாக்களில் நாளெல்லாம் நடக்கும் பெரிய கலை அது. ஆனால் அதன் அமைப்பு மிக எளிது: நடுவில் ஒருவர் கதை சொல்வார், பக்கப்பாட்டுக்காரர்கள் ஆமா போட்டு, கேள்வி கேட்டு, கதையை நகர்த்துவார்கள். வளைந்த ஒரு கம்பு, கயிறு, ஒரு பானை, தட்டுவதற்கு இரண்டு கட்டை இருந்தால் பிள்ளைகள் கதையைத் தொடங்கிவிடலாம். அன்று காலையில் தெருவில் நாய் துரத்தியதையே கதையாக்கலாம். அந்த வடிவத்துக்குள் புதிய பொருள் நுழைய முடியும் என்பதை ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாக்கிக் காட்டினார். இன்னொன்று தோல்பாவைக் கூத்து. ஒரு வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு விளக்கு, அட்டையில் வெட்டி ஈர்க்குச்சியில் ஒட்டிய உருவங்கள். மின்சாரம் போன இரவில்கூட நடத்திவிடலாம். விளக்குக்குப் பக்கத்தில் போனால் நிழல் பெரிதாகும், திரைக்குப் பக்கத்தில் வந்தால் சிறிதாகும் என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கும் கணத்தில் அனுமார் விசுவரூபம் எடுத்துவிடுவார். கூத்தில் இராமாயணக் கதைக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்க்கதை பேசுவது வழக்கம். பெரிய கதைக்குள் தன் ஊரையும் தன் வீட்டையும் நுழைக்க மரபே கொடுத்திருக்கும் அனுமதி அது. தேரூரில் 1876இல் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, தமிழில் குழந்தைகளுக்கென்று பாட்டெழுதிய முன்னோடிகளில் ஒருவராகிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இந்த நிலத்தவர்தான். பசுவும் கன்றும் காக்கையும் கிளியும் குழந்தைப் பாட்டுக்குப் போதுமான பொருள்கள் என்று அவர் எழுதிக் காட்டினார். குழந்தை தன்னைச் சுற்றியுள்ளதையே பாட்டாக்கலாம் என்ற துணிச்சலை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுப்பாடே இல்லாத விளையாட்டில்தான் கற்பனை வளரும் என்றும் இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. தோவாளையின் மாணிக்கமாலை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. வெள்ளையும் சிவப்புமான அரளிப் பூக்களை மடித்து, நொச்சி இலையோடு சேர்த்துத் தட்டையாகப் பின்னி, இரத்தினம் பதித்ததுபோல் கட்டங்களாகத் தோன்றச் செய்யும் மாலை அது. சில நிறங்களும் ஒரு நாரும் ஒரு சில மடிப்பு விதிகளும்தான் அதன் மூலதனம். அந்தக் குறுகிய எல்லைக்குள்தான் கோலம் கோலமாக வேறுபாடுகள் பிறக்கின்றன. வாசலில் இடும் புள்ளிக்கோலத்தின் வழியும் இதுதான். குழந்தையிடம் உனக்குப் பிடித்ததைச் செய் என்று சொன்னால் அது திகைக்கும். மூன்று நிறப் பூவும் ஓர் இலையும் வைத்து, ஒரே நிறம் அடுத்தடுத்து வராமல் கட்டு என்றால் உடனே கை ஓடும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அரளி நஞ்சுள்ள செடி, குழந்தைகளின் கைக்கு அதைக் கொடுக்க வேண்டியதில்லை. செம்பருத்தியும் வாடாமல்லியும் வாழைநாரும் போதும்.

இனி மறுப்புகள். இவற்றில் மிகக் கனமானதை முதலில் எடுக்கிறேன். ஓலை, வலை, பூ, கருப்பட்டி என்று பேசுவது பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குத் திருப்பியனுப்பும் பேச்சாகாதா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் இராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று கொண்டுவந்த திட்டம் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அப்போது குமரி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனாலும் அந்த எதிர்ப்பின் நியாயம் இந்த மாவட்டத்துக்கு முழுமையாகப் பொருந்தும். தீண்டாமையும் தோள்சீலைக் கொடுமையும் நடந்த நிலம் இது. பள்ளிக்கூடத்தின் வழியாகத்தான் பெரும்பகுதி மக்கள் பனையேற்றத்திலிருந்தும் பண்ணை வேலையிலிருந்தும் விடுபட்டார்கள். அப்படி விடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ஓலையைத் தொடு என்று யாரும் அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. என் விடை இது: குலக்கல்வியின் கொடுமை கைவேலையில் இல்லை, ஒரு கைவேலையை ஒரு சாதியோடு பூட்டி, மற்றக் கதவுகளை அடைத்ததில் இருந்தது. விடுமுறையில் நாம் கேட்பது நேர் எதிரான ஒன்று. கல்லூரி ஆசிரியரின் மகள் பனையோலையைக் கிழித்து முடையட்டும். பனைத்தொழிலாளியின் மகன் மாணிக்கமாலையின் கோலத்தை நகலெடுக்கட்டும். நாகர்கோவில் வீட்டுப் பிள்ளை சின்னமுட்டத்து உறவினரிடமோ நண்பரிடமோ போய் வலையின் முடிச்சைக் கற்கட்டும். சின்னமுட்டத்துப் பிள்ளை தோவாளையில் பூ எடைபோடுவதைப் பார்க்கட்டும். எல்லாக் குழந்தைகளும் எல்லாப் பொருளையும் தொடும்போதுதான் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் சாதி கழியும். தன் வீட்டுத் தொழிலை மட்டும் தன் பிள்ளைக்குக் காட்டும் விடுமுறை எனக்கும் ஏற்புடையதில்லை.

இதை ஒட்டியே இன்னொரு மறுப்பு எழுகிறது: குழந்தைத் தொழிலுக்கு இது முகமூடியாகிவிடும் என்பது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குழந்தைகள் அபாயமில்லாத குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று இடம் கொடுத்ததைக் குழந்தைகள் உரிமைக்காகப் பணிசெய்பவர்கள் கடுமையாக விமரிசித்தார்கள். அந்த விமரிசனம் சரியானது. முந்திரித் தொழிலிலும் வீட்டுவாசலுக்கு வரும் பல கூலிவேலைகளிலும் பிள்ளைகளின் கை எவ்வளவு எளிதாக இழுக்கப்படும் என்பது தெரியாததல்ல. விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் குழந்தைக்குள்ள உரிமையை ஐக்கிய நாடுகளின் 1989 உடன்படிக்கை தன் 31ஆம் பிரிவில் தனியாகவே வகுத்திருக்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. வேலைக்கும் படைப்புக்கும் இடையே கோடு எங்கே என்று கேட்டால், அது பாழாக்கும் உரிமையில் இருக்கிறது. பிள்ளை கட்டிய மாலை பிய்ந்துபோனால் வீட்டில் யாருக்கும் நட்டமில்லை என்றால் அது விளையாட்டு. பிய்ந்துபோனால் திட்டு விழும், கூலி குறையும் என்றால் அது வேலை. பிள்ளை பாதியில் போட்டுவிட்டு ஓடினால் தடுப்பார்களா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டையும் கேட்டுப் பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் குழப்பம் வராது.

பெற்றோருக்கு நேரம் எங்கே என்பது மூன்றாவது. அப்பா வளைகுடா நாட்டில், அம்மா கடையிலோ பள்ளியிலோ வேலையில் என்ற வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன எதற்கும் பெற்றோர் முழுநாளும் கூட உட்கார வேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொல்லித்தராமல் இருப்பதே நல்லது என்று மேலே சொன்ன ஆய்வு காட்டியது. பொருளை எடுத்துவைத்து, ஒரு மூலையை அசுத்தமாக்கிக்கொள்ள அனுமதித்து, மாலையில் பதினைந்து நிமிடம் பிள்ளை காட்டுவதைப் பார்த்தால் போதும். நேரத்தைவிட அரிதாக இருப்பது அனுமதிதான். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியின் வேலை விடியலுக்கு முன் தொடங்கி நண்பகலுக்குள் முடிந்துவிடும். தோவாளைப் பூச்சந்தையின் பரபரப்பும் காலையோடு அடங்கும். ஓய்வுநேரம் ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு வேளையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் நிழற்கூத்து நடத்திக் காட்டினால், கைபேசிக்கும் அந்த வீட்டில் ஒரு நல்ல வேலை கிடைத்துவிடும். ஊரகங்களில் 14 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்று கல்வி நிலை பற்றிய 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வறிக்கை காட்டுகிறது. இந்தக் கருவியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவதால் மட்டும் பயன் வராது. அதைவிடச் சுவையான ஒன்று கைக்கு வந்தால் அது தானாக ஓரமாகும்.

விடுமுறையில் பாடம் மறந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஹாரிஸ் கூப்பரும் சக ஆய்வாளர்களும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அமெரிக்கக் குழந்தைகள் நீண்ட கோடை விடுமுறையில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்றும், கணக்கில் இழப்பு கூடுதல் என்றும் சொன்னார்கள். அந்த அளவீட்டைப் பின்னால் வந்தவர்கள் சிலர் கேள்விக்குள்ளாக்கினார்கள். இழப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு மருந்து மீண்டும் ஒரு டியூஷன்தான் என்று ஆகாது. பூவை எடைபோடுவதும், கொழுக்கட்டைக்கு மாவளப்பதும், கூத்துக்கு வசனம் எழுதுவதும், பாட்டியிடம் கேட்ட கதையை நோட்டில் எழுதிவைப்பதும் கணக்கும் மொழியும்தான். வழக்கறிஞராக இருந்து ஆசிரியரான கிஜுபாய் பதேகா 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கி, கதையும் நாடகமும் விளையாட்டும் பாடத்தின் எதிரிகளல்ல என்று பள்ளிக்குள்ளேயே செய்து காட்டினார். பள்ளிக்குள் முடிந்தது வீட்டில் முடியாமல் போகாது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் வாதத்துக்கு இடமில்லை. கோடையில் குளங்களும் கால்வாய்களும் கடலும் பிள்ளைகளை விழுங்குகின்றன. 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில், கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலைக்கான எச்சரிக்கை இருந்த நாளில், ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் உயிரிழந்தார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள். நீர் இருக்கும் இடத்துக்குப் பெரியவர் இல்லாமல் குழந்தைகள் போகவே கூடாது. நண்பகல் வெயிலில் வீட்டுக்குள் செய்யும் வேலைகளையும், வெயில் தாழ்ந்தபின் முற்றத்து வேலைகளையும் வைத்துக்கொண்டால் போதும்.

கோடைகால வகுப்புகளை ஒழிக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நீச்சலை வீட்டில் கற்க முடியாது. கருவி இசைக்கு ஆசிரியர் வேண்டும். அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் போன்ற இடங்களில் குறைந்த செலவில் கலைகளைக் கற்பதும் நல்லதே. வகுப்பு நாளின் ஒரு பகுதியாக இருக்கட்டும், முழு நாளையும் அது தின்னாமல் இருக்கட்டும். ஆனால் பள்ளிகள் செய்ய வேண்டிய ஒன்று மீதியிருக்கிறது. விடுமுறை பிராஜெக்ட் என்ற பெயரில் இப்போது கேட்கப்படுவதில் பெரும்பகுதியை ஸ்டேஷனரிக் கடையில் படம் வாங்கி ஒட்டிப் பெற்றோரே முடித்துவிடுகிறார்கள். அதை நிறுத்திவிட்டு, வீட்டில் கிடைத்ததை வைத்துத் தானே செய்த ஒரு பொருளையும், செய்ய முயன்று சரிவராமல் போன ஒரு பொருளையும் கொண்டுவரச் சொல்லலாம். இரண்டாவதுதான் முக்கியம். மதிப்பெண் வேண்டாம், முதல் பரிசு இரண்டாம் பரிசு வேண்டாம். ஓடாத வண்டி ஏன் ஓடவில்லை என்று அந்தப் பிள்ளை வகுப்பின் முன்னால் சொல்லட்டும், மற்றவர்கள் திருத்திப் பார்க்கட்டும். பள்ளி திறந்த முதல் இரண்டு நாளை இதற்குக் கொடுத்தால் பாடத்திட்டத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டிய நாள் ஜூனில் இல்லை, ஆண்டுத் தேர்வின் கடைசித் தாள் முடியும் ஏப்ரல் பிற்பகலில் இருக்கிறது. குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும்.